ஜூனியர் டீமுக்கு இப்போதே அனுப்பட்டுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். டல்லாஸ் பக்கம் ப்ளேனோவில் இருக்கிறோம். எங்கள் மகளுக்கு இப்போது பத்து வயது, நவம்பரில் பதினொன்று நிறைகிறது. மூன்று வருடமாக ஆல் ஸ்டார் சியர் (ஜிம் டீம்கள் போட்டிக்காகவே செய்யும் சியர்லீடிங்) செய்கிறாள். இந்த சீசனில் யூத் பிரிவு, லெவல் 2, ஃப்ளையர், அதாவது மற்றவர்கள் மேலே தூக்கி நிறுத்தும் பிள்ளை. மே மாதம் ட்ரைஅவுட், அடுத்த சீசனுக்கான டீம் தேர்வு. போன வாரம் கோச் எங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "இவளை நேராக ஜூனியர் லெவல் 4 டீமில் எடுத்துக்கொள்கிறோம்" என்றார். டம்ப்ளிங் (தரையில் அடிக்கும் கரணங்கள்) இன்னும் அந்த அளவுக்கு வரவில்லையே என்று கேட்டேன். "ஃப்ளையருக்கு அது பெரிய விஷயமில்லை, இவள் உடம்பு அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது" என்றார்.

அவசரத்துக்கு ஒரு காரணமும் சொன்னார்கள். வயதுப் பிரிவுகளை மாற்றும் பேச்சு நடக்கிறதாம். பிறந்த ஆண்டைப் பார்ப்பதை விட்டு ஆகஸ்ட் 31 அன்று என்ன வயது என்று பார்க்கலாம். ஜூனியரில் லெவல் 4-உம் அதற்கு மேலும் செய்ய 12 வயது நிறைந்திருக்க வேண்டும். சீனியர் டீம்களில் சின்னப் பிள்ளைகளைச் சேர்ப்பதைக் குறைக்கலாம். இப்படி மூன்று யோசனைகள். அடுத்த சீசனில் இல்லை, அதற்கும் அடுத்ததில் வரலாம் என்கிறார்கள். பெற்றோரிடம் ஒரு படிவம் கொடுத்துக் கருத்துக் கேட்டிருக்கிறார்கள். "இந்த வருடம் விட்டால் இன்னும் இரண்டு வருடம் இவள் காத்திருக்க வேண்டியதுதான்" என்கிறார் கோச்.

வந்த வாய்ப்பை விடக்கூடாது என்கிறார் என் கணவர். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "வயசுக்கு வரப்போகிற பெண்ணைத் தூக்கிப் போட்டுப் பிடிக்கிறதெல்லாம் ஒரு விளையாட்டா?" என்கிறார். மகளுக்குப் போக ஆசை, நெருங்கிய தோழி அந்த டீமில் இருக்கிறாள். கடைசியாக ஒன்று. சாப்பாட்டைக் கொஞ்சம் கவனியுங்கள், சட்டென்று எடை ஏறிவிடக்கூடாது என்றும் கோச் சொன்னார். ஆறு மாதத்தில் அவளுடைய பேன்ட் எல்லாமே குட்டையாகிவிட்டது. நான் என்ன முடிவெடுக்கட்டும்? படிவத்தில் என்ன எழுதட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வருடம் அனுப்ப வேண்டாம். படிவத்தில் குறைந்தபட்ச வயது யோசனைக்கு ஆதரவாக எழுதுங்கள். கட்-ஆஃப் தேதி பற்றி உங்களுக்குச் சரியென்று பட்டதை எழுதலாம், அதைப் பற்றித் தூக்கம் கெட வேண்டியதில்லை. உங்கள் கடிதத்தில் என்னை உலுக்கியது வயதுக் கணக்கைவிட, போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்தச் சாப்பாட்டு விஷயம்தான். அதற்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் மற்ற எல்லாம் அங்கேதான் போய் முடிகிறது.

நான் டெக்சாஸில் பதினெட்டு வருடமாக வளரும் பிள்ளைகளின் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட். என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் ஜிம்னாஸ்டிக்ஸ், சியர் பிள்ளைகள். எனக்கு இந்த விளையாட்டு பிடிக்கும். ஐம்பத்து நான்கடி நீளம், நாற்பத்து இரண்டடி அகலம் உள்ள மெத்தை விரிப்பில் இரண்டரை நிமிடத்துக்குள் பிள்ளைகள் காட்டுகிற ஒழுங்கும் துணிச்சலும் லேசில் வருவதில்லை. டல்லாஸ்காரரான லாரன்ஸ் ஹெர்கிமர் 1948-இல் தேசிய சியர்லீடர்ஸ் சங்கத்தைத் தொடங்கியதிலிருந்து உங்கள் ஊருக்கும் சியருக்கும் இருக்கிற உறவு பெரியது. ஆகவே விளையாட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆள் நான் இல்லை என்பதை உங்கள் கணவருக்கும் மகளுக்கும் முதலில் சொல்லிவிடுங்கள்.

இப்போது வயதுப் பிரிவு விஷயம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். ஆல் ஸ்டார் சியரில் ஒரு டீமை இரண்டு அளவுகோல்களால் பிரிக்கிறார்கள். ஒன்று வயது: டைனி, மினி, யூத், ஜூனியர், சீனியர். இன்னொன்று திறமை: லெவல் 1 முதல் 7 வரை. லெவல் 1-இல் கார்ட்வீல், வாக்ஓவர். லெவல் 2-இல் பின்னால் தாவிக் கையூன்றி எழும் பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங். 3-இல் உடம்பைச் சுருட்டி அடிக்கும் கரணமான டக், 4-இல் உடம்பை நீட்டி அடிக்கும் லேஅவுட், 5-இல் உடம்பை முழுச் சுற்று முறுக்கும் ஃபுல். ஸ்டண்ட்டும், அதாவது ஒருவரை மற்றவர்கள் தூக்கி நிறுத்துவதும், இதே மாதிரி லெவலுக்கு லெவல் உயரமும் சிக்கலும் கூடும். 2003-இல் உருவான, ஆல் ஸ்டார் சியருக்கான அமெரிக்கக் கூட்டமைப்பான யு.எஸ்.ஏ.எஸ்.எஃப். ஒவ்வொரு சீசனுக்கும் வயதுப் பட்டியலை வெளியிடுகிறது. ஜிம்மில் காதில் விழுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். அந்தப் பட்டியல் கையில் வரும்வரை எல்லாமே யோசனைதான்.

இந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காத ஒன்று, பிரிவுகள் எவ்வளவு அகலமானவை என்பது. ஜூனியர் பிரிவில் எட்டு வயதுக் குழந்தையும் பதினான்கு வயதுப் பெண்ணும் ஒரே டீமில் நிற்க முடிந்த சீசன்கள் உண்டு. பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையை எட்டாம் வகுப்பில் உட்கார வைப்பது போல. கால்பந்தில் இப்படி நடக்காது, ஒரு வயது வித்தியாசத்துக்கே அங்கே சண்டை போடுவார்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. கால்பந்திலும் ஐஸ் ஹாக்கியிலும் வயதில் மூத்த பிள்ளைக்கு லாபம். கனடாவில் ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்கள் ஹாக்கி டீம்களில் அளவுக்கு மீறி இடம்பிடித்திருப்பதை 1985-லேயே ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் எழுதினார்கள். அங்கே கட்-ஆஃப் ஜனவரி 1, பத்து மாதம் மூத்த பிள்ளை பத்து மாதம் பெரிய பிள்ளை. சியரில் மேலே நிற்கிற ஃப்ளையருக்கு இது தலைகீழ். கீழே தாங்குகிற பேஸ்கள் பெரிதாகவும் பலமாகவும் இருக்க வேண்டும், மேலே போகிறவள் சின்னதாகவும் லேசாகவும் இருக்க வேண்டும். பிரிவு அகலமாக இருந்தால் கோச்சுக்கு இரண்டும் ஒரே டீமில் கிடைத்துவிடுகிறது. கீழே பதினான்கு வயது, மேலே பத்து வயது. ஸ்டண்ட் சீக்கிரம் மேலே போகும், ஸ்கோர் ஏறும்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் வளர்ச்சி அட்டவணையைப் பாருங்கள். பத்து வயதுப் பெண்குழந்தையின் நடுத்தர உயரம் சுமார் 138 சென்டிமீட்டர், எடை சுமார் 33 கிலோ. பதினான்கு வயதில் சுமார் 160 சென்டிமீட்டர், 50 கிலோவை ஒட்டி. நான்கு வருடத்தில் 22 சென்டிமீட்டரும் 16, 17 கிலோவும் கூடுகிறது. "இவள் உடம்பு அதற்கென்றே அமைந்த மாதிரி இருக்கிறது" என்று கோச் சொன்னதன் பொருள் இந்த வித்தியாசம்தான். உங்கள் மகளின் டம்ப்ளிங் அவருக்கு இப்போது தேவைப்படவில்லை. அவளுடைய அளவு தேவைப்படுகிறது. அவர் கெட்ட எண்ணத்தில் சொன்னதாக நான் நினைக்கவில்லை. விதி அனுமதிக்கிறது, பக்கத்து ஜிம்மும் அப்படித்தான் செய்கிறது. அதனால்தான் இதை ஒரு கோச்சின் நல்ல மனதை நம்பி விட முடியாது, விதியே மாற வேண்டும்.

நீங்களே எழுதியிருக்கிறீர்கள், ஆறு மாதத்தில் பேன்ட் எல்லாம் குட்டையாகிவிட்டது என்று. அவள் வளரத் தொடங்கிவிட்டாள். பெண்குழந்தைகள் மிக வேகமாக உயர்வது பெரும்பாலும் பதினொன்று, பன்னிரண்டு வயதில். அந்த உச்சத்தில் வருடத்துக்கு எட்டு சென்டிமீட்டர் வரை போகும். எந்த அளவுக்காக அவளைக் கூப்பிடுகிறார்களோ அந்த அளவு இன்னும் ஒரு வருடத்தில் அவளிடம் இருக்காது. அப்புறம்? லெவல் 4 டீமில், லெவல் 4 டம்ப்ளிங் இல்லாத, இனி மேலே தூக்க முடியாத, கீழே தாங்கிப் பழகாத ஒரு பிள்ளையாக நிற்பாள். அந்த நிலையில் என்னிடம் வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். வலி என்று வருவார்கள். பரிசோதித்துப் பார்த்தால் வலியும் இருக்கும், அதைவிடப் பெரிதாக, தன்னை இனி யாருக்கும் வேண்டாம் என்ற எண்ணமும் இருக்கும்.

சென்ற ஆண்டு வந்த ஒரு சிறுமியைச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி. பதினொன்றரை வயது, ஃப்ளையர். முதுகு வலி என்று அம்மா கூட்டி வந்தார். என் அறையில் அவளை ஒற்றைக் காலில் நிற்க வைத்து, மெதுவாகப் பின்னால் வளையச் சொன்னேன். வலது காலில் நிற்கும்போது ஒன்றுமில்லை. இடது காலில் நின்று வளைந்ததும் முகம் சுருங்கியது, கை தானாக இடுப்புக்கு மேல் ஓர் இடத்தில் போய் நின்றது. ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம். இடது காலில் நின்று வலது காலைத் தலைக்குப் பின்னால் இழுத்துப் பிடிக்கும் ஸ்கார்பியனை அவள் ஒரு நாளைக்கு எத்தனை முறை செய்கிறாள் என்று கேட்டேன். அம்மாவுக்குத் தெரியவில்லை. அவள் யோசித்துவிட்டு, "எண்ணினதே இல்லை ஆன்ட்டி" என்றாள். எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். கீழ் முதுகெலும்பில் அழுத்தத்தால் வரும் கீறல். மூன்று மாதத்துக்கு மேல் ஓய்வு. அந்த வயதில் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளும் முதுகெலும்பின் பின்பகுதியும் பெரியவர்களுடையதைப் போல இறுகியிருக்காது. அதனால்தான் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைக்கு இது வருகிறது. பெரிய பேஸ்கள் இருந்தால் ஸ்டண்ட் விழாமல் நிற்கும், விழாமல் நின்றால் பயிற்சியில் இன்னும் அதிகமுறை செய்யச் சொல்வார்கள். கணக்கு இப்படித்தான் கூடுகிறது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதும் இருக்கிறது. 160 சென்டிமீட்டர் உயரப் பெண் கையை நீட்டித் தாங்கும்போது ஃப்ளையரின் பாதம் ஆறடிக்கு மேல் இருக்கும். உங்கள் மகளின் வயதுப் பிள்ளைகள் தாங்கினால் அது கணிசமாகக் குறையும். அதோடு, வேகமாக உயரும் மாதங்களில் பிள்ளைகளுக்குத் தன் கை கால் எங்கே இருக்கிறது என்ற கணக்கே கொஞ்சம் தடுமாறும். நேற்று வந்த பேக் ஹேண்ட்ஸ்ப்ரிங் இன்று வராது. வீட்டில் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் உயரத்தையும் லெவலையும் ஒரே சமயத்தில் கூட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. லெவல் 2-இலிருந்து 3-க்குப் போகட்டும், டக்கைத் தன்னம்பிக்கையோடு தரையிறக்கட்டும். லேஅவுட் எங்கும் ஓடிப்போகாது.

மற்ற விளையாட்டுகளில் இதே கேள்வி வந்தபோது என்ன செய்தார்கள் என்று பார்த்தால், உங்கள் படிவத்தில் எழுத ஒரு துணிவு கிடைக்கும். ஜிம்னாஸ்டிக்ஸில் பெரிய சர்வதேசப் போட்டிகளுக்குப் பெண்களுக்கான குறைந்தபட்ச வயது 14-ஆக இருந்தது. 1981-இல் 15 ஆக்கினார்கள், 1997-இல் 16. ஃபிகர் ஸ்கேட்டிங்கில் 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸில் பதினைந்து வயது ரஷ்ய வீராங்கனை கமீலா வலியேவா ஊக்கமருந்துச் சர்ச்சைக்கு நடுவே ஆடித் தடுமாறி விழுந்ததை உலகமே பார்த்தது. அந்த ஆண்டே சர்வதேச ஸ்கேட்டிங் சங்கம் சீனியர் போட்டிக்கான குறைந்தபட்ச வயதை 15-இலிருந்து படிப்படியாக 17-க்கு உயர்த்த முடிவு செய்தது. இரண்டு விளையாட்டிலும் நிலைமை ஒன்றுதான்: சின்ன உடம்புக்கு மதிப்பெண் அதிகம் கிடைத்தால், எல்லோரும் இன்னும் சின்னப் பிள்ளைகளைத் தேடிப் போவார்கள், யாராவது ஒரு கோடு போட வேண்டும். இரண்டிலும் முதலில் பெரிய எதிர்ப்பு இருந்தது. திறமையான பிள்ளைகளின் வாய்ப்பைப் பறிக்கிறார்கள் என்றார்கள். வயது உயர்ந்த பிறகு ஜிம்னாஸ்டிக்ஸ் அழிந்துவிடவில்லை. இருபத்தேழு வயதில் சிமோன் பைல்ஸ் பாரிஸில் தங்கம் வாங்கினார்.

ஒலிம்பிக்ஸ் எங்கே, பத்து வயதுப் பிள்ளையின் ஜிம் எங்கே என்று உங்கள் கணவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே பதினைந்து வயதுப் பெண்ணைப் பற்றிக் கவலைப்பட்டார்கள், நாம் பத்து வயதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாதத்தை நான் மதிக்கிறேன், அதையும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊர் ஜிம்களில் மொத்தமே நாற்பது பிள்ளைகள் இருப்பார்கள். வயதை நறுக்கி நறுக்கிப் பிரித்தால் அவர்களால் ஒரு டீமைக்கூட நிரப்ப முடியாது. பிள்ளைகள் ஒரு மணி நேரம் காரில் பெரிய ஜிம்முக்குப் போக வேண்டி வரும், இல்லாவிட்டால் விட்டுவிடுவார்கள். அதனால்தான் நான் எல்லா லெவலிலும் பிரிவைக் குறுக்கச் சொல்ல மாட்டேன். லெவல் 1, 2-இல் அகலமாகவே இருக்கட்டும். அங்கே ஸ்டண்ட் தாழ்வானது, அக்கா தங்கை மாதிரி சேர்ந்து கற்றுக்கொள்வது நல்லதும்கூட. மேல் லெவல்களில் மட்டும் குறைந்தபட்ச வயது வேண்டும். உங்களிடம் வந்திருக்கும் யோசனை கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கிறது. படிவத்தில் இதையே உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். பன்னிரண்டா, பதினொன்றா என்பதில் விட்டுக்கொடுக்கலாம். ஒரு கோடு இருக்க வேண்டும் என்பதில் வேண்டாம்.

சீனியர் டீம்கள் பற்றிய யோசனைக்கும் சரி என்று எழுதுங்கள். பதினெட்டு நிறைந்தவர் சட்டப்படி பெரியவர். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அவரோடு ஒரே டீமில், ஒரே பயணத்தில், ஒரே வாட்ஸப் குழுவில் இருப்பதில் பெற்றோர் யோசிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. அதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன்.

கட்-ஆஃப் தேதிக்கு வருவோம். டெக்சாஸில் செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிறைந்தால்தான் கிண்டர்கார்டன். நவம்பரில் பிறந்த உங்கள் மகள் வகுப்பில் மூத்த பிள்ளைகளில் ஒருத்தியாக இருப்பாள். பிறந்த ஆண்டை வைத்துப் பிரித்தால் அவள் தன் ஆண்டுக்காரர்களில் கடைக்குட்டி, ஒரு வகுப்பு மேலே படிக்கிறவர்களோடு போய்ச் சேருவாள். ஆகஸ்ட் 31 கணக்கில் தன் வகுப்புத் தோழிகளோடு இருப்பாள். கால்பந்தில் இதைப் போட்டுப் பார்த்துவிட்டார்கள். யு.எஸ். சாக்கர் 2015-இல் பிறந்த ஆண்டுக் கணக்குக்கு மாறுவதாக அறிவித்தது. எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் ஒரே டீமில் மாட்டிக்கொண்டு, பாதிப் பேர் ஹைஸ்கூல் டீமுக்குப் போனதும் மீதிப் பேர் டீமே இல்லாமல் நின்றார்கள். பத்து வருடம் கழித்து, 2025-இல், பெரிய இளையோர் அமைப்புகள் 2026-27 சீசனிலிருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 வரை என்ற கணக்குக்குத் திரும்புவதாக அறிவித்தன. பள்ளி ஆண்டோடு ஒத்துப்போவது பிள்ளைகளின் நட்புக்கு நல்லது என்பது என் கருத்து. ஆனால் எந்தத் தேதியைப் போட்டாலும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு பிள்ளை நிற்கத்தான் செய்யும். மாற்றம் வருகிற ஒரு சீசன் டீம்கள் கலைந்து அழுகை இருக்கும், மறு சீசனில் புது டீம் பழகிவிடும்.

அவசரத்துக்குக் காட்டிய காரணத்தை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். இந்த வருடம் மேலே போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கடுத்த சீசனில் விதி வந்தால் ஆகஸ்ட் 31 அன்று அவளுக்குப் பதினொன்றுதான். லெவல் 4 டீமை விட்டு இறங்க வேண்டும். ஒரு வருடம் பெரிய டீமின் ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் கழற்றிக் கொடுப்பது பதினொரு வயதுக்கு எவ்வளவு கனமாக இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். விதி வராவிட்டாலோ, அவசரமே இல்லை. இரண்டு பக்கமும் காத்திருப்பதில்தான் லாபம். கோச்சிடம், யூத்தில் லெவல் 3 டீம் இருக்கிறதா, அதில் ஃப்ளையராக மட்டுமல்லாமல் பேஸாகவும் இவளைப் பழக்குவீர்களா என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதை வைத்து, அவர் இவளை எத்தனை வருடத்துக்கு மனதில் வைத்திருக்கிறார் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பயிற்சி என்றும் கேளுங்கள். எல்லா விளையாட்டும் சேர்த்து வாரத்தில் இவள் வயதைவிட அதிக மணி நேரம் போக வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருடத்தில் மொத்தம் மூன்று மாதம், மாதம் மாதமாகப் பிரித்தாவது, சியர் இல்லாமல் இருக்கட்டும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016-இல் சொன்ன ஓய்வுக் கணக்கு இது. அந்த மாதத்தில் நீச்சலோ, பரதமோ, தெருவில் சைக்கிளோ, எதுவும் நல்லது.

இனி சாப்பாடு. சகோதரி, இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். உங்கள் மகளின் எடை கூட வேண்டும். கூடியே ஆக வேண்டும். மேலே சொன்ன அந்த 16, 17 கிலோவை எந்த ஆரோக்கியமான பெண்குழந்தையும் இந்த நான்கு வருடத்தில் ஏற்றிக்கொள்கிறாள். எலும்பு, தசை, மார்பு, இடுப்பு, மாதவிடாய்க்குத் தேவையான கொழுப்பு எல்லாம் அதில் அடக்கம். எடை சட்டென்று ஏறக்கூடாது என்று வளரும் பிள்ளையிடம் சொல்வது வளராதே என்று சொல்வதுதான். அவள் காதில் அது விழுந்துவிட்டதா என்று பாருங்கள். இட்லி மூன்றிலிருந்து ஒன்றாகிறதா, பள்ளி டப்பா பாதி திரும்பி வருகிறதா, கண்ணாடி முன்னால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறாளா, டீம் சாப்பாட்டுக்குப் போனால் பசிக்கவில்லை என்கிறாளா. போதுமான உணவு இல்லாமல் இவ்வளவு பயிற்சி செய்யும் பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பில் சுண்ணாம்புச் சத்து சேராது, முன்பு சொன்ன கீறல்கள் எளிதில் வரும். எலும்பில் பெரும்பகுதி வலு சேர்கிற வருடங்கள் இவை. திரும்பக் கிடைக்காது.

ஒன்பது முதல் பதினெட்டு வயது வரை ஒரு நாளைக்கு 1300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். ஒரு டம்ளர் பால் குடித்தால் கிடைப்பது அதில் கால் பங்கை ஒட்டி. இங்கேதான் உங்கள் மாமியார் உதவிக்கு வருகிறார். கேழ்வரகு அடை, கேழ்வரகுக் கூழ், எள்ளுருண்டை, தயிர் சாதம், கீரை, கருவாட்டுக் குழம்பு எல்லாம் அவர் கைப்பக்குவத்தில் வரட்டும். பயிற்சிக்குப் போகும் முன் ஒரு வாழைப்பழமும் வேர்க்கடலையும். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் ஒழுங்கான சாப்பாடு. இரவு ஒன்பது மணி நேரமாவது தூக்கம், அது குறைந்தால் மற்றதெல்லாம் வீண்.

மாமியாரின் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். மாதவிடாய் வருவதற்கும் தூக்கிப் போட்டுப் பிடிப்பதற்கும் தொடர்பில்லை, கர்ப்பப்பைக்கு ஒன்றும் ஆகாது, வந்த பிறகும் விளையாடலாம் என்று பொறுமையாகச் சொல்லுங்கள். ஆனால் "இந்த வயதில் உடம்பு மாறுகிறது, பார்த்து நட" என்று அவர் சொல்ல வந்தது சரியானது. அவருடைய மொழியில் அவர் அதைச் சொன்னார், அவ்வளவுதான். முதல் மாதவிடாய் போட்டி நடக்கும் வார இறுதியில் வந்தால் என்ன செய்வது என்று இப்போதே மகளோடு பேசி, பையில் தேவையானதைப் போட்டு வையுங்கள். வெள்ளை யூனிஃபார்மை நினைத்துப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கோச்சிடம் எடை பற்றி நேரடியாகப் பேசுங்கள், கணவரும் கூட வரட்டும். "இவள் எடையைப் பற்றி நீங்களோ மற்ற கோச்சுகளோ இவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கவலை இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள், நாங்கள் குழந்தை மருத்துவரிடம் பேசிக்கொள்கிறோம்." இந்த இரண்டு வரி போதும், கோபம் வேண்டாம். இதற்குப் பிறகும் அவளை யாராவது எடை மெஷினில் ஏற்றினால் ஜிம்மை மாற்றுங்கள். வருடக் கட்டணம் போனாலும் போகட்டும்.

மகளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்குத் தகுதி இல்லை என்று தோன்றும்படி ஒரு வார்த்தையும் வந்துவிடக்கூடாது. "அவர்கள் உன்னைக் கேட்டது எங்களுக்குப் பெருமை. உன் உடம்பு இப்போது வேகமாக வளர்கிறது, அது வளர்ந்து முடிக்கும் வரை உயரத்தைக் கூட்ட வேண்டாம் என்று நானும் அப்பாவும் முடிவு செய்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். முடிவு உங்களுடையதாக இருக்கட்டும், அவள் தலையில் வைக்காதீர்கள். அழுவாள். அழட்டும். அந்தத் தோழியை மாதம் ஒருமுறை வீட்டில் தங்க வையுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. படுக்கையறைக் கதவு நிலையில் மாதம் முதல் தேதி, காலையில், வெறுங்காலோடு அவளை நிறுத்தி உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்தால் வேகமான காலத்தில் இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டு கோச்சிடம் சொல்லுங்கள். அந்த மாதங்களில் புது ஸ்கில் வேண்டாம், பழையதைச் செம்மைப்படுத்தட்டும். குதிகாலை இரு பக்கமும் அழுத்தினால் வலிக்கிறதா, கையூன்றும்போது மணிக்கட்டில் கட்டைவிரல் பக்கம் வலிக்கிறதா, பின்னால் வளையும்போது முதுகில் ஓர் இடத்தில் சுருக்கென்கிறதா என்று அப்போதே கேளுங்கள். முதுகு வலி இரண்டு வாரத்தைத் தாண்டினால் எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆகஸ்ட் முதல் தேதிக் கோட்டையும் போட்ட பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிசியோதெரபிஸ்ட்